மாலை ஐந்து மணிக்குப் பூங்காவில் யார் பொறுப்பு?

சேலத்தில் பூங்காத் திறப்பு விழாவுக்குக் குறைவில்லை. 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஊர் இடம்பெற்ற பிறகு நடைபாதைக் கல், சுற்றுவேலி, சறுக்குமரம், திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவி என்று பல இடங்களில் வேலை நடந்தது. திறந்து ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் காலையில் நடப்பவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். மாலையில் திடல் முழுக்கப் பெரிய பையன்களின் கிரிக்கெட். வாண்டுகள் ஊஞ்சலுக்கு வரிசையில். பெண்கள் வாசலோர பெஞ்சோடு சரி. நிழல் மேடையில் சீட்டுக்கச்சேரி. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. எவரும் எதையும் முடிவு செய்யாத இடத்தில் வலுத்தவர்கள் எடுத்துக்கொண்டது போக மீதி மற்றவர்களுக்கு.

இடத்தைக் கட்டிக் கொடுப்பது ஒரு வேலை. அந்த இடத்தில் இன்ன நாள், இன்ன நேரம், இன்னார் வந்து இன்னதை நடத்துவார் என்று ஏற்பாடு செய்வது வேறு வேலை. பல நாடுகளின் நகராட்சிப் பூங்காத் துறைகளில் இரண்டாவது வேலைக்கென்றே சம்பள ஆள் உண்டு. நம் மாநகராட்சிகளில் அந்த நாற்காலியே போடப்படவில்லை. சட்டம் தடுக்கிறதா என்றால் இல்லை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையின் 12ஆவது இனமாகப் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல்களை நகராட்சிகளின் பொறுப்பில் வைத்தது. அடுத்த இனம் பண்பாடு, கல்வி, அழகியல் மேம்பாடு. ஆனால் நடைமுறையில் பூங்கா பொறியியல் பிரிவின் கணக்கில் வருகிறது. அங்கே சுவர் விரிசலுக்கு மதிப்பீடு போடலாம், மோட்டார் பழுதுக்கு பில் போடலாம். “புதன்கிழமை மாலை வளையப்பந்து (டென்னிகாய்ட்)” என்பதற்குக் கணக்குத் தலைப்பு தேடினால் கிடைப்பது கஷ்டம்.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறதே, காந்தி மைதானத்தில் பயிற்சி கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள். ஆனால் அது வீரர்களை உருவாக்கும் அமைப்பு. திறமையைத் தேடிப் பிரித்தெடுப்பது அதன் வேலை. பெரியவடகம்பட்டியிலிருந்து கிளம்பிய மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டலில் தங்கம் வென்றது போன்ற பயணங்களுக்கு அப்படிப்பட்ட அமைப்பு வேண்டும். பதக்கம் பற்றி நினைப்பே இல்லாத பதினொரு வயதுப் பெண்ணுக்கும், சர்க்கரை 200ஐத் தொட்ட தறிக்காரருக்கும், பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் வேண்டியது வேறு. அந்த வேறொன்றைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

ஆள் ஏன் வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1885இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெர்லினில் கண்ட ஏற்பாட்டைப் பார்த்து, குழந்தைகளுக்காக ஒரு மணல் குவியலைக் கொட்டினார்கள். தொடக்கத்தில் அக்கம்பக்கத்துத் தாய்மாரும் தன்னார்வலர்களும் மேற்பார்த்தார்கள். ஓரிரு ஆண்டுகளுக்குள் சம்பளத்துக்குப் பெண்களை வைக்க வேண்டி வந்தது. நம் பக்கம் 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்துதான் பள்ளிக்கூட ‘பி.டி. மாஸ்டர்’ என்ற மரபு பரவியது. அந்த மாஸ்டர் பள்ளிக்கூடச் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டார். தெருமுனைப் பூங்காவுக்கு அவர் வரவேயில்லை.

முதல் வேலை எண்ணுவது

புதிதாகப் பொறுப்பேற்பவர் செய்யக்கூடிய பெரிய தவறு, முதல் நாளே பந்தோடு இறங்குவது. முதல் வாரம் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலை 6.30, பகல் 11, மாலை 4.30, இரவு 7 ஆகிய நான்கு நேரங்களில், இரண்டு வேலை நாளும் ஒரு ஞாயிறும், பூங்காவை ஒரு சுற்று சுற்றி எண்ண வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ், பதின்வயது, பெரியவர், முதியவர் என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் ஆண், பெண் தனித்தனி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா, ஓடி ஆடுகிறாரா என்று ஒரு குறி. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு சுற்று முடிந்ததும் யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பது பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் காலியாக இருப்பது மாலையில் பதின்வயதுப் பெண்கள் கட்டம்தான்.

வராதவர்களிடம் காரணம் கேட்பதற்குப் பூங்காவுக்குள் நின்று பயனில்லை. ரேஷன் கடை வரிசை, டியூஷன் வாசல், தண்ணீர்க் குழாயடி இவைதான் இடம். “என்ன விளையாட்டு வேண்டும்?” என்று கேட்டால் டிவியில் பார்த்ததைச் சொல்வார்கள். “ஏனுங்க, எத்தனை மணிக்கு வேலை ஒழியும்? திரும்ப எத்தனை மணிக்கு வீட்டில் இருந்தாகணும்?” என்று கேட்டால் உபயோகமான பதில் வரும். கழிப்பறை பூட்டியிருப்பதும், திரும்பி வரும் சந்தில் விளக்கில்லாததும் விளையாட்டைவிடப் பெரிய விஷயமாக வெளியே வரும்.

இந்த ஊரின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ளாமல் போட்ட அட்டவணை நிற்காது. அம்மாபேட்டையிலும் குகையிலும் தறி, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே பெரியவர்கள் யாரையும் மாலையில் எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகளும் ஏதாவது கைவேலைக்கு உட்கார்ந்திருப்பார்கள். மாநகராட்சிக் குடிநீர் திறந்துவிடும் நாளில் பெண்கள் வகுப்பு வைத்தால் காலி மைதானம்தான். வகுப்பு நாளை முடிவு செய்யும் முன் அந்தத் தெருக்களின் தண்ணீர் முறையைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் ஊரே வேறு தாளத்தில் ஓடும். அந்த வாரங்களில் வழக்கமான வகுப்பைப் பிடிவாதமாக நடத்துவதைவிட, குகையிலும் மற்ற பேட்டைகளிலும் சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கைக்கு அட்டைக் கிரீடம், ஜிகினா நகை செய்யும் பட்டறையாக அதை மாற்றிவிடலாம். பிள்ளைகளோடு அம்மாக்களும் வந்து உட்காருவார்கள். வருடம் முழுக்க பூங்காவுக்குள் வராத பெண்களின் கைபேசி எண் பதிவேட்டில் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.

வெளிச்சமும் கணக்கில் வர வேண்டும். ஜூலை தொடக்கத்தில் சேலத்தில் சூரியன் மறைய 6.45 ஆகும், நவம்பர் கடைசியில் 5.50க்கே இறங்கிவிடும். கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். “மாலை 5 முதல் 6.30” என்று பெயின்ட் அடித்த பலகை வைத்தால் கார்த்திகையில் கடைசி அரை மணி நேரம் இருட்டில் போகும். நவம்பர் முதல் ஜனவரி வரை 4.30 - 5.30, கோடையில் 5.15 - 6.15 என்று இரண்டு அட்டவணை வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும்போது பகல் 11 முதல் 4 மணி வரை திடலில் எதுவும் கூடாது. சறுக்குமரத் தகட்டிலும் உடற்பயிற்சிக் கம்பியிலும் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்க்க வேண்டும். வைக்க முடியவில்லை என்றால் பிள்ளைகளின் தொடைக்கும் அது ஆகாது.

ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது

முப்பது பிள்ளைகள், வயது எட்டு முதல் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க முகாம் சங்கத்தின் பகல் முகாம் வரையறை, 6 முதல் 8 வயதுவரை எட்டுப் பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வரை பத்துப் பேருக்கு ஒருவர் என்கிறது. நம்மிடம் அவ்வளவு ஆள் எளிதில் கிடைக்காது என்றாலும் முப்பதுக்கு மூன்று என்பதற்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு மாஸ்டர், இரண்டு உதவியாளர், மூவரில் ஒருவராவது பெண். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை கட்டாயம் என்பதால் உதவியாளர்களை அங்கிருந்து எடுக்கலாம். ஒரே சிக்கல், ஏப்ரலில் பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்கும்போதுதான் அவர்களுக்கு செமஸ்டர் தேர்வு வரும். அந்த மாதத்துக்கு மட்டும் வேறு ஆளை மார்ச்சிலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

மாஸ்டர் இருபது நிமிடம் முன்னதாக வருகிறார். திடலை நேர்க்கோடாக, ஏர் உழுவதுபோல் போய்வந்து, கண்ணாடிச் சில்லு, மூடி, ஆணி பொறுக்குகிறார். மதுப்புட்டி உடைப்பவர்கள் பெரும்பாலும் மேடையோரத்திலும் சுவர் மூலையிலும்தான் உடைப்பார்கள். அங்கே கண் கூடுதலாக வேண்டும். பிறகு கோடு. சுண்ணாம்புத் தூள் போடவே கூடாது. அது ஈரக் கண்ணில் பட்டால் சுட்டுவிடும். கோலமாவோ சாக்பீஸ் மாவோ போதும். இரண்டு கிலோவில் ஒரு நாளைக்கான கோடு முழுக்கப் போடலாம்.

மணி அடித்தாற்போல் 5.15க்குத் தொடங்க வேண்டும், நான்கு பேர் இருந்தாலும் சரி. கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தால் நேரத்துக்கு வந்த நால்வருக்குத் தண்டனை. அடுத்த நாள் அவர்களும் 5.30க்கு வருவார்கள். முதல் பத்து நிமிடம் யார் நடுவில் வந்தாலும் சேர்ந்துகொள்ளக்கூடிய ஓட்ட விளையாட்டு. எல்லோரும் ஓடி, எல்லோரும் பிடிபட்டு, உடனே மறுபடி ஓடுகிற மாதிரி. விதிமுறையை முப்பது விநாடிக்கு மேல் விளக்கத் தேவைப்பட்டால் அந்த விளையாட்டு தொடக்கத்துக்கு உகந்ததல்ல. அடுத்த இருபது நிமிடம் அன்றைய முக்கிய ஆட்டம். பிறகு தண்ணீர். பிறகு பதினைந்து நிமிடம், பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் ஆட்டம். கடைசி ஐந்து நிமிடம் சாமான் எண்ணிப் பெட்டியில் வைப்பதும், அடுத்த வகுப்பு எப்போது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதும். உச்சத்தில் இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்துவது ஒரு கலை. சலித்துப்போன பிறகு நிறுத்தினால் அடுத்த நாள் வர மாட்டார்கள்.

எது பழுதாகிறது, ஏன்?

பெரும்பாலும் ஆட்டத்தின் அமைப்பிலேயே கோளாறு இருக்கும். மாஸ்டரின் குரலிலோ பிள்ளைகளின் ஒழுக்கத்திலோ காரணத்தைத் தேட வேண்டியதில்லை. ‘அவுட்’ ஆனவர் வெளியே உட்கார வேண்டும் என்ற ஆட்டங்களில் முதலில் வெளியேறுவது அதிகம் ஓட வேண்டிய பிள்ளைதான். பத்து நிமிடத்தில் முப்பதில் இருபது பேர் ஓரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். தள்ளுமுள்ளும் சண்டையும் அந்த ஓரத்தில்தான் பிறக்கும். திருத்தம் சுலபம்: அவுட்டானவர் பத்து தடவை கயிறு தாண்டிவிட்டு உள்ளே வரலாம்.

இரண்டு தலைவர்கள் ஆள் பிரிக்கும் முறை இன்னொரு நஞ்சு. கடைசியாக நிற்கும் பிள்ளை யார் என்பது ஊருக்கே தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். பிறந்த மாதத்தை வைத்தோ, கையில் ஒளித்த புளியங்கொட்டை ஒற்றையா இரட்டையா என்று பார்த்தோ அணி பிரிக்கலாம்.

வரிசை ஆட்டங்களும் அப்படித்தான். பதினைந்து பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஒரு பந்தை அடித்தால், இருபது நிமிடத்தில் ஒரு பிள்ளை உண்மையில் ஆடுவது ஒரு நிமிடம். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து மூன்று பந்து கொடுத்தால் அதுவே மூன்று மடங்கு. பந்துக்குக் காசில்லை என்றால் மணல் பை. பழைய சட்டைத் துணியில் நாலங்குலச் சதுரமாகத் தைத்து நூறு கிராம் புளியங்கொட்டை நிரப்பினால் எறிய, பிடிக்க, தலையில் வைத்து நடக்க எல்லாவற்றுக்கும் ஆகும். கீழே விழுந்தால் உருண்டு ஓடாது என்பது அதன் பெரிய குணம்.

இடம் சின்னதாக இருக்கும்போது எந்த ஆட்டம் என்பதில் பலரும் வாலிபாலுக்குப் போகிறார்கள். ஆடுகளம் 18க்கு 9 மீட்டர், சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் 24க்கு 15. அதே இடத்தில் வளையப்பந்து ஆடுகளம், ஒன்று 12.2க்கு 5.5 மீட்டர், பக்கம் பக்கமாக மூன்று போடலாம். இரண்டிலும் ஆடுவது பன்னிரண்டு பேர்தான். வித்தியாசம் என்னவென்றால், வாலிபாலில் புதிதாக வந்தவர் கைக்குப் பந்து வருவதே அபூர்வம், வந்தால் எங்கோ பறக்கும். வளையப்பந்தில் நான்கு பேருக்கு ஒரு வளையம், வருவதைப் பிடித்துத் திருப்பி எறிந்தால் போதும். சேலை கட்டியவர்களும் ஆடலாம். பெண்கள் குழு தொடங்க இதைவிடத் தோதான ஆட்டம் சொல்வது கடினம். இரண்டு மாதம் கழித்து அவர்களே எறிபந்துக்குக் கேட்பார்கள்.

ஏழு கல், நொண்டி, பச்சைக்குதிரை, கண்ணாமூச்சி எல்லாம் பூங்காவில் நன்றாக ஓடும். ஏழு கல்லுக்கு ரப்பர் பந்து கூடாது. ஸ்பாஞ்சோ சுருட்டிய துணிப் பந்தோ. இடுப்புக்குக் கீழே மட்டும் எறி என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். கிட்டிப்புள்ளை மட்டும் தவிர்க்கலாம். பழைய விளையாட்டை மீட்கிறோம் என்ற ஆசையில் நெரிசலான திடலில் அதை நடத்திவிட்டு, புள் பறந்து ஒரு கண்ணில் பட்டால் அத்தோடு நிகழ்ச்சிக்கே முற்றுப்புள்ளி.

பார்வை குறைந்த பிள்ளை ஒன்று வந்தால் தனி வகுப்பு தேவையில்லை. பந்தை ஒரு பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டினால் உருளும்போது சரசரவென்று சத்தம் கேட்கும். எல்லோரும் அதே பந்தில் உட்கார்ந்து உருட்டி ஆடலாம். சக்கர நாற்காலி வர வேண்டுமென்றால் சரிவுப் பாதை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில் இருக்க வேண்டும், அதாவது அரை மீட்டர் உயரம் ஏற ஆறு மீட்டர் நீளம். பல வாசல்களில் பைக் நுழையாமலிருக்க வைத்த கம்பித் தடுப்பு, நாற்காலியையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. மனுவில் முதலில் எழுத வேண்டியது அது.

பெரிய பையன்களின் கிரிக்கெட் பற்றி எல்லா ஊரிலும் ஒரே புகார். விரட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அடுத்த வாரம் கிழிந்த வலையைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கும் வேறு இடம் கிடையாது. எழுதி ஒட்டிய பாகப்பிரிவினைதான் நிற்கும்: வகுப்பு நாட்களில் 6.15 வரை திடல் பிள்ளைகளுக்கு, மற்ற நாட்களில் முழுக்க அவர்களுக்கு, எந்த நாளும் டென்னிஸ் பந்து மட்டும். அவர்களில் சொன்னால் கேட்கும்படியான ஒருவனை, குழுவின் கேப்டனாகத்தான் இருப்பான், உதவியாளராகச் சேர்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

பெட்டியும் சாவியும்

ஒரு தகரப் பெட்டி. அதில் வளையம் 8, சின்னக் கயிறு 10, ஐந்தாறு மீட்டர் பெரிய கயிறு 2, மணல் பை 24, கூம்பு 20, வாலிபால் 2, ஸ்பாஞ்சுப் பந்து 6, வலைக்குப் பதிலாகக் கட்ட நைலான் கயிறு 15 மீட்டர், காற்றடிக்கும் பம்பும் இரண்டு ஊசியும். ஊசி எப்போதும் தொலையும். வாலிபாலில் காற்று சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ அழுத்தம் என்பது போட்டிக்கான அளவு. புதியவர்களுக்கு அதைவிடக் குறைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகும்படி வைத்தால் முன்கை சிவக்காது. மழைக்காக ஒரு துணிப்பையில் தாயக்கட்டை, இரண்டு பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டக் கோடு போட்ட துணி, கேரம் போர்டுக்குக் காய்.

தண்ணீர் கணக்கு: முப்பது பேருக்கு கோடையில் தலைக்கு 300 மில்லி என்றால் ஒன்பது லிட்டர். கை கால் கழுவுவதையும் சேர்த்தால் 20 லிட்டர் கேன் ஒன்று சரியாக இருக்கும். எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொள்வது மேல். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளருக்கு மாநிலத்தில் தடை.

பெட்டியைவிட முக்கியம் அதன் சாவி. வார்டு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டிவிடும். காவலாளியிடம் மட்டும் இருந்தால் அவர் விடுப்பில் போகும் நாளில் வகுப்பு இல்லை. மாஸ்டரிடம் ஒன்று, பூங்காவுக்கு எதிர் வீட்டிலோ கடையிலோ ஒன்று. சாமான் வாங்கியும் நின்றுபோன நிகழ்ச்சிகளை விசாரித்தால் பல சமயம் கதை இந்தச் சாவியில்தான் போய் நிற்கும்.

முதியவர்களும் விபத்துகளும்

அறுபதைத் தாண்டியவர்கள் நடந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு சொல்வதோடு, 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. பெஞ்சின் முதுகைப் பிடித்து ஒற்றைக்காலில் பத்து விநாடி, குதிகாலை விரல் நுனியோடு ஒட்டி நேர்க்கோட்டில் நடப்பது, கையூன்றாமல் பெஞ்சிலிருந்து எழுந்து உட்காருவது. இருபது நிமிடம் போதும். சிமென்ட் பெஞ்ச் ஆடாது. பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடிக்க விட வேண்டாம், சாய்ந்துவிடும்.

இந்த வகுப்பில் எதிர்பார்க்க வேண்டியது தாழ்சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொண்டோ மாத்திரை விழுங்கிவிட்டோ சாப்பிடாமல் காலையில் வருவார்கள். கை நடுக்கம், வியர்வை, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

அதிகாலைக் குழுக்களுக்கு ஒரு சொல்: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பே 55 டெசிபல். 5.30 மணிக்குப் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்யும் குழு, பக்கத்து வீட்டுக்காரர் எழுதும் ஒரே மனுவில் இடத்தையே இழக்கலாம்.

பிள்ளைகள் விழுவார்கள். ஏறும் கருவிகளின் அடியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. நாலடி உயரத்திலிருந்து விழுந்தால் தாங்க ஒன்பது அங்குலம் தளர்வான மணல் வேண்டும். கொட்டிய மணல் கால் பட்டு ஓரங்களுக்கு ஒதுங்கி, சறுக்குமரம் முடியும் இடத்திலும் ஊஞ்சல் அடியிலும் கட்டாந்தரையாகிவிடும். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறி இழுத்துவிட வேண்டும், அப்போதே பூனை எச்சமும் சில்லும் கண்ணில் படும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாக்கச் செய்வது நம் வழக்கம். அது தவறு. முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு. இடி காதில் விழுந்தால் ஆட்டம் நிற்க வேண்டும், மரத்தடி ஒதுங்கல் ஆகாது. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே திடலுக்குத் திரும்பலாம்.

இன்னொரு பாதுகாப்பு பேச்சில் வருவதில்லை. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக, மற்றவர் கண்ணில் படாமல் இருக்கக் கூடாது. சாமான் அறைக்குப் போனாலும் இருவராக. உதவியாளர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு, பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்பதற்குப் பதிவேட்டில் பெயர், வாசலில் குழந்தைகள் உதவி எண் 1098. ஏதாவது சந்தேகம் எழுந்தால் மூடி மறைத்து ‘பேசித் தீர்ப்பது’ குற்றம். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் தகவல் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஏற்காட்டில் வேறு கணக்கு

மேலே போனால் பாதி விதிகள் மாறும். ஏற்காட்டின் அண்ணா பூங்காவும் ஏரியும் மே மாதக் கோடை விழாவில் வெளியூர்க் கூட்டத்துக்காக அலங்கரிக்கப்படுகின்றன. மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி எல்லாம் அவர்களுக்கு. காப்பித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அந்த நாட்களில் வேடிக்கை பார்ப்பவர்கள். உள்ளூர் நிகழ்ச்சி வேண்டுமென்றால் பூங்காவை விட்டுவிட்டு சேர்வராயன் மலைக் கிராமங்களின் பள்ளித் திடலுக்குப் போவதே சரி. சமதளம் கிடைப்பது அரிது, எனவே உருளும் பந்து வேண்டாம். வளையம், மணல் பை, கயிறு. மழைக்குப் பிறகு பாறையிலும் படிக்கட்டிலும் பாசி வழுக்கும். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் காலை நேரமே பத்திரம். பனிமூட்டம் இறங்கினால் இருபதடிக்கு அப்பால் ஆள் தெரியாது. பளிச்சென்ற மேல்சட்டையும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ணுவதும் அவசியம்.

சேலத்து முதியவர்களை ஒரு நாள் மேலே கூட்டிப்போகும் திட்டம் எல்லோருக்கும் பிடிக்கும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருபவர்களை முன் இருக்கையில் உட்கார வைத்து, காலை உணவை இரண்டு இட்லியோடு நிறுத்தச் சொன்னால் பாதி அவதி குறையும்.

பகுதி சபையில் என்ன கேட்பது?

2022 முதல் கிராம சபைபோல் நகர்ப்புற வார்டுகளிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. அங்கே “எங்கள் பூங்காவை மேம்படுத்த வேண்டும்” என்று எழுதிக் கொடுத்தால் இன்னொரு நீரூற்றோ செல்ஃபி பாயின்ட்டோ வரும். கேட்பது குறிப்பாக இருக்க வேண்டும்: வாரம் மூன்று மாலை, மதிப்பூதியத்தோடு ஒரு மாஸ்டரும் ஒரு பெண் உதவியாளரும், ஆறு மாதத்துக்கு, ஒரு பெட்டிச் சாமான், இரவு 7.30 வரை கழிப்பறை திறப்பு. திடல் விளக்குக்குத் தனி சுவிட்ச். செலவில் முக்கால் பங்குக்கு மேல் ஆளுக்கே போகும், அதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. தொடக்க விழா வேண்டுமென்று அடம்பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தக் கூடாது. ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினர் ஆறரைக்குத்தான் வருவார்.

முதல் வாரக் கூட்டத்தைப் படம் பிடித்துக் காட்டி வெற்றி என்பார்கள். இலவசம், புதுசு, பந்து வேறு, வராமல் எப்படி? பார்க்க வேண்டியது, முதல் வாரம் பெயர் எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் நான்காம் வாரத்திலும் வந்தார்கள் என்பதை. பாதிக்கும் கீழே இறங்கினால் நின்றவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய் வர வேண்டும். நேரம், தண்ணீர் நாள், டியூஷன், ஒரு முரட்டுப் பையன் என்று காரணம் ஒவ்வொன்றாக வரும். அடுத்த பகுதி சபையில் வைக்க வேண்டியது அந்தப் பதிவேட்டின் நகல், நின்ற பெயர்களுக்கு எதிரே காரணத்தோடு.